விலங்கியல் படித்தவர்கள் எங்கே போகிறார்கள்?

ஆரணிக்கும் போளூருக்கும் இடைப்பட்ட பகுதியில், வடமாதிமங்கலத்தை அடுத்து இருக்கிறது திருமலை என்னும் சிற்றூர். வரலாற்றில் ஆர்வமுள்ளவர்களுக்கு அதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. முதலாம் இராஜேந்திரனின் வடநாட்டுப் படையெடுப்பைச் சொல்லும் 13ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அங்கே பாறையில் இருக்கிறது. குந்தவை ஜினாலயம் இருக்கிறது. ஏறத்தாழ 16 மீட்டர் உயரத்தில் பாறையிலேயே செதுக்கப்பட்ட நேமிநாதர் நிற்கிறார். குகைச் சுவர்களில் ஓவியங்கள் மங்கிக்கொண்டிருக்கின்றன. கல்வெட்டையும் சிற்பத்தையும் பற்றி எழுதப்பட்டவை நிறைய. நான் அந்த மலையைத் தொட்டு எழுத நினைப்பது வேறொன்று: நம் கல்லூரிகளில் உயிரினங்களைப் பற்றிப் படிப்பவர்கள் என்ன படிக்கிறார்கள், படித்துவிட்டு என்ன ஆகிறார்கள் என்பது.

சமணம் உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் வகுத்தது. புழுவுக்கு இத்தனை, எறும்புக்கு ஒன்று கூடுதல், வண்டுக்கு மேலும் ஒன்று, மனிதனுக்கு அதற்கும் மேல் ஒன்று என்று உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் அடுக்குகிறது. தொல்காப்பிய மரபியலும் ஏறத்தாழ இதே வழியில் போகிறது. சங்கும் நத்தையும் ஈரறிவு, கரையானும் எறும்பும் மூவறிவு, நண்டும் தும்பியும் நான்கறிவு. நண்டையும் தும்பியையும் ஒரே பெட்டியில் போட்டதைப் பார்த்து இன்றைய விலங்கியல் மாணவர் சற்றே நிமிர்ந்து உட்காரக்கூடும், இரண்டும் கணுக்காலிகள். இதை வைத்துக்கொண்டு நம் முன்னோருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று கொடி பிடிக்க வேண்டாம். எறும்பும் கணுக்காலிதான், அது வேறு பெட்டியில் கிடக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது வகைப்பாடு சரியா தவறா என்பதல்ல. உயிரோடு இருக்கும் ஒன்றை, அது உயிரோடு இருக்கும்போதே, உற்றுப் பார்த்தவர்கள் செய்த வேலை அது. நடக்கும் பாதையில் மயிற்பீலியால் பூச்சிகளை விலக்கிக்கொண்டு நடந்த துறவிக்குத் தரையில் என்னென்ன ஊர்கின்றன என்பது தெரிந்துதான் இருக்க வேண்டும்.

அந்த மலைக்கு அருகிலேயே ஆரணி, பட்டு நெசவு ஊர். தறிக்கு முன் உட்காருபவருக்குப் பட்டு நூலாகத்தான் வருகிறது. புழு கண்ணில் படுவதில்லை. ஒரு கூட்டிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு அறாத இழை வர வேண்டுமானால் உள்ளே இருக்கும் கூட்டுப்புழு வெளியே வரக்கூடாது, ஆவியிலோ கொதிநீரிலோ சாக வேண்டும். திருமலைக்கும் ஆரணிக்கும் நடுவே உள்ள தூரத்தை நான் இப்படித்தான் அளப்பது வழக்கம். ஆனால் கொல்லப்படுவதற்கு முன்னால் அந்தப் புழுவை உயிரோடு வைத்திருக்க எவ்வளவு உயிரியல் வேண்டியிருக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. நான்கு முறை தோலுரித்து, ஐந்து பருவங்களைக் கடந்து, இருபத்தைந்து நாள் அளவில் கூடு கட்டத் தொடங்கும் ஒரு பிராணி. புழுவாக இருக்கும்போது ஈரறிவு, அந்துப்பூச்சி ஆனபின் நான்கறிவு என்றால் கூட்டுக்குள் இருக்கும் அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளில் அதற்கு எத்தனை அறிவு? உருமாற்றம் என்பது எந்த வகைப்பாட்டையும் கொஞ்சம் சங்கடப்படுத்தத்தான் செய்கிறது.

பெப்ரின் என்னும் நோய் 19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் பட்டுத் தொழிலைக் குலைத்தபோது, 1865இல் அதை ஆராய அனுப்பப்பட்டவர் லூயி பாஸ்தர். அவர் வேதியியலாளர், பட்டுப்புழுவைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அவிஞோனில் பள்ளி ஆசிரியராக இருந்த ழான் ஆன்றி ஃபாபரைத் தேடிப் போனார். ஒரு கூட்டைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்து, உள்ளே ஏதோ இருக்கிறதே என்று பாஸ்தர் கேட்டதை ஃபாபர் பின்னாளில் எழுதியிருக்கிறார். கூட்டுக்குள் கூட்டுப்புழு இருக்கும் என்பதே அறியாதவர்தான் சில ஆண்டுகளில் தீர்வு கண்டார்: முட்டையிட்ட தாய் அந்துப்பூச்சியை நசுக்கி, அதன் உடல் நீரை நுண்ணோக்கியில் பார்ப்பது, நோய்க்கிருமியின் வித்துகள் தென்பட்டால் அந்த முட்டைகளை அழித்துவிடுவது. இன்றும் நோயற்ற முட்டை தயாரிக்கும் நிலையங்களில் நடப்பது அடிப்படையில் இதுதான். ஆரணியில் ஒரு முகூர்த்தப் புடவை தறியிலிருந்து இறங்குகிறது என்றால், அதற்கு முன்னால் எங்கோ ஓர் அறையில் யாரோ ஒருவர் நுண்ணோக்கியின் முன் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். பெரும்பாலும் விலங்கியல் படித்தவர். பாஸ்தரை உலகம் அறியும். பூச்சிகளையே வாழ்நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருந்து பத்துத் தொகுதிகள் எழுதிய ஃபாபரை இலக்கிய வாசகர்கள்தான் அதிகம் அறிந்திருக்கிறார்கள் என்பது வேடிக்கை.

இனி நம் கல்லூரிக்கு வருகிறேன். பல தலைமுறைகளாக விலங்கியல் பட்டப்படிப்பின் அடையாளம் மெழுகுத் தட்டும் குண்டூசியும் கத்தரிக்கோலும்தான். தவளையின் இரத்த ஓட்ட மண்டலம், கரப்பான்பூச்சியின் வாயுறுப்புகள், எலியின் செரிமான மண்டலம். செய்முறைத் தேர்வில் நரம்பு அறாமல் எடுத்துக் காட்டியவருக்கு நல்ல மதிப்பெண். பல்கலைக்கழக மானியக் குழு 2011இல் இதைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது. 2014இல் இளநிலை, முதுநிலை இரண்டிலும் நிறுத்தச் சொல்லிவிட்டது. நல்ல முடிவு. திருமலை நேமிநாதருக்குச் செய்தி போயிருந்தால் மகிழ்ந்திருப்பார். ஆனால் கத்தி போன இடத்தில் எது வந்தது? நான் பார்த்த அளவில், பல இடங்களில் சுவரில் மாட்டிய வரைபடமும் கணினித் திரையில் ஓடும் அசைபடமும் வந்தன. செத்த தவளை போய்ப் படத்துத் தவளை. உயிருள்ள தவளை, மழை பெய்த இரவில் குட்டையோரம் கத்துகிறதே அந்தத் தவளை, இன்னும் பாடத்திட்டத்துக்குள் வரவில்லை. எத்தனை வகைத் தவளைகள் நம் ஊரில் உள்ளன, எது எந்த மழைக்குப் பிறகு கத்துகிறது என்று ஒரு விலங்கியல் மாணவரிடம் கேட்டால் அவர் விழிப்பது அவர் குற்றமல்ல.

வேறு வழி இருக்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

நாங்குநேரியில் 1945இல் பிறந்தவர் ஏ. ஜே. டி. ஜான்சிங். சிறு வயதில் ஜிம் கார்பெட்டின் எழுத்தில் மயங்கியவர். (கார்பெட்டைத் தமிழுக்குக் ‘குமாயுன் புலிகள்’ என்று கொண்டுவந்தவர் தி. ஜ. ர. நம் சிறுபத்திரிகை மரபு காட்டுயிர் இயலுக்குச் செய்த முதல் உதவிகளில் ஒன்று என்று அதைத் தாராளமாகச் சொல்லலாம்.) தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் விலங்கியல் படித்துவிட்டுச் சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் ஆசிரியரானார். நம் ஊர் அளவுகோலில் அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். நிரந்தர வேலை, மாதச் சம்பளம், தவளை, கரப்பான்பூச்சி. அவர் 1976இல் பந்திப்பூர்க் காட்டுக்குப் போய்ச் செந்நாய்களைப் பின்தொடரத் தொடங்கினார். 1978 வரை நீண்ட அந்த வேலைதான், காட்டில் சுதந்திரமாகத் திரியும் ஒரு பெரிய பாலூட்டியைப் பற்றி இந்தியர் ஒருவர் செய்த முதல் முழுமையான கள ஆய்வு என்று கருதப்படுகிறது. 1980இல் ஆய்வேடு மதுரைப் பல்கலைக்கழகத்துக்குப் போயிற்று.

செந்நாய் என்ற தேர்வையும் கவனிக்க வேண்டும். புலியைப் பற்றிப் பேசினால் உலகம் கேட்கும். செந்நாயைக் கொன்றால் தலைக்கு இவ்வளவு என்று அரசே பரிசு கொடுத்த காலம் ஒன்று இருந்தது. இரையை உயிரோடு கடித்துத் தின்னும் கொடிய பிராணி, மான்களை அழித்துவிடும் என்பது வேட்டைக்காரர்கள் எழுதி வைத்த தீர்ப்பு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. சங்கப் பாலைத் திணைப் பாடல்களில் செந்நாய் வருகிறது. அங்கேயும் அது வறண்ட காட்டின் அச்சத்தோடு சேர்ந்தேதான் வருகிறது. இப்படிப்பட்ட ஒரு பிராணியை, அதன் கழுத்தில் எந்தக் கருவியும் மாட்டாமல், நடந்தே பின்தொடர வேண்டும். புள்ளிமானின் எச்சரிக்கைக் குரல் எந்தப் பக்கம், காகங்களும் பாறுகளும் எங்கே இறங்குகின்றன என்று பார்த்துக்கொண்டு போவது இத்தகைய வேலையின் அரிச்சுவடி. (அன்று ஆய்வாளருக்கு வழிகாட்டிய பாறுக் கழுகுகள், மாட்டுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் மருந்தால் 1990களில் இந்தியா முழுவதும் சரிந்தன, 2006இல் அம்மருந்து கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டது. இன்று அதே முறையில் ஆய்வு செய்யப் போகிறவருக்கு வானம் அவ்வளவாக உதவாது.)

அடுத்தது எச்சம். இலக்கிய வாசகர்கள் முகம் சுளிக்கக் கூடாது. மாமிச உண்ணிகளின் எச்சம்தான் அவற்றின் நாட்குறிப்பு. இடமும் நாளும் குறித்துச் சேகரித்து, சல்லடையில் இட்டுக் கழுவி, காய வைத்தால் முடியும் எலும்புத் துண்டும் குளம்பும் மிஞ்சும். முடியை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, அதன் மேற்பரப்புச் செதில்களின் அமைப்பையும் உட்பகுதியின் அமைப்பையும் முன்பே சேகரித்து வைத்த மான், கடமான், முயல் முடிகளோடு ஒப்பிட்டால் எதைத் தின்றது என்று தெரிந்துவிடும். இதற்கு வேண்டிய நுண்ணோக்கி நம் எல்லாக் கல்லூரிகளிலும் இருக்கிறது. இப்படி நூற்றுக்கணக்கில் பார்த்து எழுதியதில் தெரிய வந்தது, பந்திப்பூரில் செந்நாயின் முதன்மை இரை புள்ளிமான் என்பது. குட்டிகளுக்கும் பாலூட்டும் தாய்க்கும் கூட்டத்தின் மற்ற நாய்கள் இறைச்சியைக் கக்கிக் கொடுக்கின்றன என்பது. புலி, சிறுத்தை, செந்நாய் மூன்றும் இரையின் அளவிலும் பொழுதிலும் இடத்திலும் வேறுபட்டு ஒரே காட்டில் பிழைக்கின்றன என்பது. 1982, 1983, 1992 ஆகிய ஆண்டுகளில் இவை கட்டுரைகளாக வந்தன. கொடிய பிராணி என்ற பெயர் ஒரே நாளில் போய்விடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு செந்நாயைச் சுட வேண்டும் என்று சொல்ல வந்தவர் முதலில் இந்தக் கட்டுரைகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

ஜான்சிங் பிறகு அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் சிறிது காலம், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் யானைத் திட்டத்தில் சில ஆண்டுகள், 1985 முதல் 2005 வரை தேராதூனில் இந்தியக் காட்டுயிர் நிறுவனம் என்று வேலை செய்தார். கிர் காட்டுச் சிங்கங்களைப் பற்றிய ரவி செல்லத்தின் ஆய்வு உட்பட அடுத்த தலைமுறையின் பல ஆய்வுகளில் அவர் கை இருந்தது. 2024 ஜூனில் மறைந்தார். ஏறத்தாழ அதே காலத்தில், சென்னையில் தாவரவியல் படித்த ஆர். சுகுமார் 1980களின் தொடக்கத்தில் சத்தியமங்கலம், சாமராஜநகர்ப் பகுதிகளில் யானைகளையும் அவை பயிரை மேய்வதையும் ஆராய்ந்து 1989இல் நூலாக்கினார். ஆக, நம்மால் ஆகாது என்பதில்லை. நடந்தது. நடந்தவர்கள் பெரும்பாலும் வெளியே போய்த்தான் வேலை செய்ய வேண்டியிருந்தது என்பதுதான் என் வருத்தம்.

காடு, புலி, யானை என்று பேசும்போது நெசவுக் குடும்பத்து மாணவி ஒருத்தி, இது எனக்கில்லை, வசதியுள்ளவர்களின் விளையாட்டு என்று நினைக்கக்கூடும். அவளுக்காக வேறொரு கதை சொல்கிறேன். 2008இல் கோயம்புத்தூரில் பப்பாளிச் செடிகளில் வெள்ளையாக மாவு பூசியது போல ஒரு பூச்சி தென்பட்டது. மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த பப்பாளி மாவுப்பூச்சி அது என்று இனம் கண்டவர்களில் முதன்மையானவர் வெளிநாட்டில் பணிபுரிந்த தமிழரான பூச்சியியலாளர் ரங்கசாமி முனியப்பன். அடுத்த ஆண்டே அது பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளியிலும் மல்பெரியிலும் ஏறிவிட்டது. தமிழ்நாட்டில் மல்பெரித் தோட்டங்களை விவசாயிகள் பிடுங்கி எறியத் தொடங்கினார்கள். மருந்து அடித்தால் பூச்சியின் மெழுகுப் போர்வையைத் தாண்டி உள்ளே போவதில்லை. அப்படியே போனாலும், மருந்து பட்ட இலையைப் பட்டுப்புழுவுக்குப் போட முடியாது; புழுவும் பூச்சிதானே. பட்டுப்புழு வளர்ப்பவரின் இக்கட்டு முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

தீர்வு பூச்சியின் சொந்த ஊரில் இருந்தது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதைத் தின்றே வளரும், கடுகினும் சிறிய குளவி. 2010இல் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகள் பெங்களூருக்கு வந்தன. அவை வேறு எதையும் தாக்காது என்று சோதித்தபின் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் பிற நிறுவனங்களும் பெருக்கி விவசாயிகளுக்குக் கொடுத்தன. அவற்றில் அசரோஃபேகஸ் பப்பாயே என்ற இனம்தான் பெரிதும் வென்றது. சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. மருந்துச் செலவிலும் விளைச்சலிலும் மிச்சமான பணம் பல நூறு கோடி ரூபாய் என்பது பின்னர் போடப்பட்ட கணக்கு. ஒரு பூச்சியை மற்றொன்றிலிருந்து பிரித்தறியும் கண், தோட்டம் தோட்டமாகப் போய் இலையைத் திருப்பிப் பார்க்கும் பொறுமை, இவ்விரண்டும் இல்லாமல் இது நடந்திருக்காது. வகைப்பாட்டியல் பழைய சரக்கு, மூலக்கூறு உயிரியல்தான் எதிர்காலம் என்று மாணவர்களிடம் சொல்லும் பேராசிரியர்கள் இந்தக் கதையை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. மூலக்கூறு உயிரியல் மேல் எனக்குப் பகையில்லை. ஆனால் பூச்சியின் பெயரே தெரியாமல் அதன் மரபணுவை வைத்து என்ன செய்வது?

வேலைக்கு வருவோம். விலங்கியல் இளநிலை முடித்தவர்கள் நம் பக்கத்தில் எங்கே போகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். பி.எட். முடித்து ஆசிரியர் தேர்வுக்குக் காத்திருப்பவர்கள், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள், மருத்துவமனை ஆய்வகத்தில் இரத்தம் சோதிப்பவர்கள், வங்கித் தேர்வு எழுதுபவர்கள். மருத்துவப் படிப்பு கிடைக்காதவர்களின் தங்குமிடமாகவே அந்தத் துறையைக் குடும்பங்கள் பார்க்கின்றன. மேலே படித்து ஆய்வுக்குப் போகிறவர் நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகைக்குத் தேறினால், 2023இல் உயர்த்திய விகிதப்படி மாதம் 37,000 ரூபாய். தேறாதவர்க்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட ஆய்வுக்கு என்று வகுத்த தொகை 8,000. மாநிலப் பல்கலைக்கழக மாணவர்கள் பலருக்கு அதுவும் இல்லை. எட்டாயிரத்தில் காட்டோரம் அறை எடுத்து, களப்பணி உதவியாளருக்குக் கூலி கொடுத்து, வீட்டுக்கும் அனுப்ப முடியாது என்பதைக் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. திட்டப் பணியாளர் என்ற பெயரில் கிடைக்கும் வேலைகளும் திட்டத்தோடு முடிந்துவிடும். மூன்று ஆண்டு, பிறகு இன்னொரு விண்ணப்பம், இன்னொரு ஊர். பெண்களுக்கு இதோடு வீட்டின் அனுமதி என்ற தனித் தேர்வு ஒன்றும் இருக்கிறது. காட்டில் தனியாகவா என்ற கேள்வி ஆண் பிள்ளையிடம் கேட்கப்படுவதில்லை.

மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியும் உதகை அரசு கலைக் கல்லூரியும் காட்டுயிர் உயிரியலைத் தனிப் பாடமாகவே நடத்துகின்றன. நம் சிற்றூர்க் கல்லூரிகளிலிருந்து களத்துக்குப் போகும் குறுகலான வாசல்கள் அவை. அவற்றுக்குக் கிடைக்க வேண்டிய மதிப்பு கிடைத்திருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வேன்.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பட்டம் உள்ளவர்க்குக் களம் தெரியாது. களம் தெரிந்தவர்க்குப் பட்டம் இல்லை. மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருளர் இருவரை 2017இல் ஃபுளோரிடாவுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைக் கருவிகளும் மோப்ப நாய்களும் கொண்டு தேடிக் களைத்த இடத்தில், இவர்கள் கடப்பாரையோடு நடந்து இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகளைப் பிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்தான் நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதியைக் கொடுத்து வந்திருக்கிறது. இவர்களுக்குத் தெரிந்ததை ஒரு பருவத்துக்கு விலங்கியல் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்க எந்தப் பல்கலைக்கழக விதி இடம் தருகிறது? கௌரவ விரிவுரையாளராக நியமிக்கக்கூட முனைவர் பட்டம் அல்லது தகுதித் தேர்வுச் சான்று கேட்கும் விதிகள்தான் நம்மிடம் உள்ளன. ஆய்வேடுகளின் நன்றியுரைப் பக்கத்தைப் பாருங்கள். நெறியாளர், துறைத்தலைவர், முதல்வர், மனைவி எல்லாரும் முழுப் பெயரோடு இருப்பார்கள். காட்டில் வழி காட்டியவர், யானை வந்தபோது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியவர், பெரும்பாலும் கடைசி வரியில் ‘களப்பணியாளர்கள்’ என்று பன்மையில் கரைந்திருப்பார். கண்டறிந்ததில் பாதி அவர் கண்ணில் பட்டதாக இருக்கும்போது கட்டுரையின் ஆசிரியர் வரிசையிலேயே அவர் பெயர் வருவதுதான் முறை என்பேன்.

நம் பங்குக்கு வருகிறேன், அதாவது இலக்கியம் படிப்பவர்களின் பங்குக்கு. மா. கிருஷ்ணன் (1912–1996) அ. மாதவையாவின் மகன். மாநிலக் கல்லூரியில் படித்து, சட்டமும் படித்து, உருப்படியான உத்தியோகம் அமையாமல், சந்தூர் சமஸ்தானத்தில் ஆசிரியர் முதல் நீதிபதி வரை பல வேலைகள் பார்த்துவிட்டு, சென்னை திரும்பி எழுத்தையும் புகைப்படத்தையும் நம்பி வாழ்ந்தவர். 1950 முதல் இறக்கும் வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் பத்தி எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளை ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்று தொகுத்துக் கொடுக்க தியடோர் பாஸ்கரன் வர வேண்டியிருந்தது. தமிழில் அவர் எழுதியது ஆங்கிலத்தில் எழுதியதில் ஒரு சிறு பங்கு. ஏன்? கேட்டவர் இல்லை, அச்சிட்டவரும் அதிகம் இல்லை. ஒரு கவிதைத் தொகுப்புக்கு நான்கு மதிப்புரைகள் எழுதும் நாம், ஒரு தமிழ்ப் பறவைக் கையேட்டுக்கு எத்தனை எழுதியிருக்கிறோம்? க்ரியா வெளியிட்ட ஜெகநாதன், ஆசை இருவரின் பறவைகள் கையேடு போன்ற நூலைச் சூழலியல் ஆர்வலர்களின் சரக்கு என்று ஒதுக்கிவிட்டு, குறுந்தொகையில் வரும் பறவை எது என்று நாம் ஊகித்துக்கொண்டிருக்கிறோம். பாறு எது, பருந்து எது, எருவை எது என்று தெரியாமல் சங்கப் பாடலுக்கு எழுதிய உரைகளும் உண்டு. உயிரியல் மாணவர் தமிழில் எழுதினால் அவர் துறையில் அது ஒரு வெளியீடாகவே கணக்கில் வராது. நாம் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் அல்லவா? களக் குறிப்பேடு என்பது நல்ல உரைநடை. பார்த்ததை மட்டும் எழுது, பார்க்காததை எழுதாதே என்பது எந்த எழுத்தாளனுக்கும் உதவாத விதி அல்ல.

கடைசியாக ஒரு யோசனை. விலங்கியல் மாணவருக்குக் களம் வேண்டும் என்றதும் முதுமலைக்குச் சுற்றுலா ஏற்பாடு செய்வது நம் வழக்கம். ஒரு நாள், இரண்டு பேருந்து, பாட்டு, மதியச் சாப்பாடு, ஒரு யானை தெரிந்தால் அதிர்ஷ்டம். அதைக் களப்பணி என்று ரெக்கார்டு நோட்டில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிடலாம். நான் சொல்வது அதுவல்ல. திருமலை போன்ற ஒரு பாறைக் குன்றுக்கு மாதம் இரண்டு முறை, அதே பாதையில், அதே நேரத்தில் போவது. தென்னிந்தியப் பாறைகளில் வாழும் பாறை ஓணான் ஒன்று இருக்கிறது. இனப்பெருக்கக் காலத்தில் ஆணுக்கு முதுகு சிவக்கும், பக்கங்கள் கறுக்கும். எதிரே வருவது பெண்ணா எதிரியா என்பதைப் பொறுத்துக் கண் முன்னே நிறம் மாறும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மரியா தாக்கரும் அவர் மாணவர்களும் நகரத்து ஓணானும் நாட்டுப்புறத்து ஓணானும் நிறத்திலும் நடத்தையிலும் எப்படி வேறுபடுகின்றன என்று இதே பிராணியைக் கொண்டு ஆராய்ந்து உலகத்தரமான இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். அதைப் பார்க்கத் தொடங்க ஒரு குன்றும் ஒரு கைக்கடிகாரமும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். காலை ஏழு மணிக்கு எத்தனை, பதினோரு மணிக்கு எத்தனை, எந்த மாதத்தில் முதல் சிவப்பு, மழை தள்ளிப்போன ஆண்டில் அது எப்போது.

முதல் தடவை போகும் மாணவிக்கு இரண்டு ஓணான் தெரியும். பத்தாவது தடவை அதே பாறையில் பதினைந்து தெரியலாம். ஓணான் கூடியிருக்காது, கண் கூடியிருக்கும். மூன்று ஆண்டு முடியும்போது அவள் கையில் எழுபது நாள் குறிப்பு இருக்கும். அடுத்து வரும் மாணவர் அதைத் தொடர்ந்தால் பத்தாண்டில் அது, இந்த மாவட்டத்தின் ஒரு குன்றைப் பற்றி வேறு எங்கும் இல்லாத ஆவணம். தொல்லியல் துறையிடமும் ஊராரிடமும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். கோயில் இடம், ஓவியக் குகைப் பக்கம் கூட்டமாக நுழையக் கூடாது. எதையும் பிடிக்கப் போவதில்லை, கொல்லப் போவதில்லை, வெறுமனே பார்க்கப் போகிறோம் என்றால் அந்த ஊரில் யாரும் ஆட்சேபிப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆட்சேபம் வேறு திசையிலிருந்துதான் வரும். செய்முறை வகுப்பு என்பது வாரத்தில் இன்ன நாள் பிற்பகல் இரண்டு முதல் ஐந்து மணி என்று கால அட்டவணையில் இருக்கிறது. அந்த வெயிலில் ஓணானும் பாறையிடுக்கில் ஒதுங்கியிருக்கும். வகுப்பைக் காலை ஆறரைக்கு மாற்றவும், பேருந்துக் கட்டணத்தைத் துறைச் செலவில் எழுதவும், எழுபது நாள் குறிப்பேட்டைச் செய்முறைத் தேர்வின் ரெக்கார்டு நோட்டுக்குப் பதிலாக ஏற்கவும் பாடத்திட்டக் குழுவில் ஒருவர் தீர்மானம் கொண்டுவர வேண்டும்.